பெயர்த் தகட்டைக் கழற்றிக் கொடுத்தவர்

நீங்களே யோசித்து, உங்கள் கையாலேயே செய்து, ஊரெல்லாம் விற்ற ஒரு பொருளை நீங்கள் திருடிவிட்டீர்கள் என்று ஒரு பெரிய கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் என்ன செய்வீர்கள்?

ஆஷா சிரித்தார். திருப்பூர் மண்ணரையில் சின்னப் பட்டறை அவருடையது. பனியன் கம்பெனிகளின் அலுவலகங்களுக்கும் பேக்கிங் அறைகளுக்கும் லேபிள் பிரிண்டர் செய்து விற்கிறார். தபாலில் வந்த காகிதக் கட்டு செங்கல் கனத்துக்கு இருந்தது. முழுக்க ஆங்கிலம். கணவர் ராபின் அதைக் கையில் வைத்து எடை பார்த்தார்.

“ஏட்டி, நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு தாளு செலவாகலயே. யாருட்டி இம்புட்டு பிரியமா எழுதியிருக்கது?”

“நாம திருடிட்டோமாம்லா.”

“என்னத்த?”

“நம்ம மெஷினத்தான்.”

பட்டறையில் வேலை செய்கிற எட்டுப் பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாலை வரைக்கும் தாங்கவில்லை. அவிநாசியில் அலுவலகம் வைத்திருக்கும் இளம் வக்கீல் யாழினி கட்டு முழுவதையும் படித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். வெளிமாநிலக் கம்பெனி ஒன்று அந்த மெஷினின் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறது. ஆஷா அதைக் களவாடி விற்கிறார் என்பது வழக்கு. அடுத்த விசாரணை வரைக்கும் இடைக்காலத் தடை. ஒரு மெஷின்கூடச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது. வழக்கில் தோற்றால் பட்டறை மூடியது மூடியதுதான்.

யார் இந்த ஆஷா? திசையன்விளைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வேலைக்கு வந்தவர். முதல் இரண்டு வருடம் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டினார். அப்புறம் செக்கிங். அப்புறம் மகுடேஸ்வரன் என்பவரின் கம்பெனியில் லேபிள் ரூம். சட்டையின் உள்ளே தைக்கிற துவைப்புக் குறிப்பையும் அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற பார்கோடையும் அச்சடிக்கிற அறை அது. அங்கே இருந்த பிரிண்டர்கள் பல ஆயிரம் மைல் தாண்டி, தூசியே இல்லாத ஏசி அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்டவை. திருப்பூரில் காற்றோடு கலந்து பஞ்சு பறக்கிறது. இங்கே மூச்சு விடுகிறவர்களின் நெஞ்சிலேயே அது போய் உட்காரும்போது பிரிண்டரின் வயிற்றில் உட்காராதா? இரண்டு நாளைக்கு ஒரு முறை பிரிண்டர் நிற்கும். எழுத்து மங்கும், பார்கோடில் கோடு விழாது. பழி யார்மேல்? மெஷினைச் செய்தவன் மேலா? வாங்கிப் போட்டவன் மேலா? துடைக்கிற பெண்ணின் மேல்தான். ஒரு பெட்டியின் பார்கோடை ஸ்கேனர் படிக்கவில்லை என்பதற்காக, ஆஷாவை மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

சூப்பர்வைசர் கண்டுபிடித்த மருந்து எலுமிச்சம்பழம். கண் பட்டுவிட்டதாம். ஒவ்வொரு பிரிண்டரின் தலையிலும் ஒரு பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு வாரத்தில் எலுமிச்சம்பழத்தின் மேலும் பஞ்சு படிந்தது. பிரிண்டர் நின்றுகொண்டேதான் இருந்தது.

ஆஷா பழத்தைப் பார்க்கவில்லை, பஞ்சைப் பார்த்தார். பிரிண்டரின் முன்பக்கச் சந்துகளில் எல்லாம் பஞ்சு அப்பிக்கிடக்கிறது. பின்னால் சின்ன ஃபேன் சூட்டை வெளியே தள்ளுகிற ஓட்டை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஏன்? ஃபேன் வெளியே இழுக்க இழுக்க, மற்ற எல்லாச் சந்து வழியாகவும் அறையின் காற்று பஞ்சோடு உள்ளே வருகிறது. அப்படியானால் ஃபேனைத் திருப்பி மாட்டினால் என்ன? ஒரே ஒரு வாயில் வழியாக மட்டும் காற்று உள்ளே வரட்டும். அந்த வாயில் துணி கட்டிவிடலாம். மற்ற சந்துகளில் எல்லாம் காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். வெளியே போகிற காற்றை எதிர்த்துப் பஞ்சு எப்படி உள்ளே நுழையும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரில் பட்டறையில் வெல்டராக இருந்த ராபினின் உதவியோடு அதைச் செய்துபார்த்தார். துணிக்கு எங்கே போவது? தரையில் கிடந்தது, வெட்டி மிஞ்சிய குழந்தைச் சட்டையின் கை. ஆறு மாதக் குழந்தைக்கான ரோஸ் நிறச் சட்டை. ஃபேனின் வாயில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்து மேஜையில் வேலை பார்த்த சித்ராதேவிக்கு அதைக் கழற்றித் துவைத்து மாட்டுவது சனிக்கிழமை வேலையாயிற்று. அந்த பிரிண்டர் நாற்பது நாள் நிற்காமல் ஓடியது. இது 2014இல்.

எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண், அறுபது ரூபாய் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, வெளிநாட்டு எஞ்சினியர்களால் முடியாததைச் செய்தார். அதற்கு என்ன பாராட்டு கிடைத்தது? “லோக்கல் வேலைதான், ஆனா ஓடுது” என்று சூப்பர்வைசர் சொன்னார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஆஷா வேலையை விட்டார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பட்டறை போட்டார்கள். அச்சுத்தலையையும் மோட்டாரையும் வெளியே வாங்கி, உடம்பைத் தாங்களே செய்தார்கள். முதல் ஆறு மெஷினை வாங்கியவர் பழைய முதலாளி மகுடேஸ்வரன்தான். பிறகு முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் வாங்கின. தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பஞ்சுதள்ளி’. ஒவ்வொரு மெஷினின் முதுகிலும் ஒரு அலுமினியத் தகடு. அதில் பட்டறைப் பெயரும் செய்த மாதமும் வருடமும் அடித்திருந்தார்கள்.

2017இல், இப்போது வழக்குப் போட்டிருக்கிற அந்தப் பெரிய கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் திருப்பூர் வந்தார். அவர்களுடைய பிரிண்டர்கள் இந்த ஊரில் ஏன் விற்கவில்லை என்று பார்க்க வந்தவர். மண்ணரைக்கும் வந்தார். ஆஷா டீ வாங்கிக் கொடுத்து, மூடியைத் திறந்து, ஃபேனைக் காட்டி, சட்டைக் கையைக் கழற்றிக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். “வெரி நைஸ் மேடம்” என்று ராபினின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். செய்தவர் இவர், குலுக்கியது அவர் கையை! மறுவருடம் நவம்பரில் அந்தக் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. யாழினி அந்தப் பத்திரத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல ஆஷாவின் முகம் கறுத்தது. ‘உள்ளழுத்தக் காற்றோட்டம் கொண்ட அச்சுக்கருவி உறை’ என்றார். ‘நீளும் தன்மையுள்ள, துவைக்கத்தக்க, குழல் வடிவப் பின்னல் வடிகட்டி’ என்றார்.

“அது என்னதுங்க யாழினி?”

“அதுதானுங்க்கா, உங்க சட்டைக் கை.”

கைக்குழந்தையின் சட்டைக் கைக்கு ஆங்கிலத்தில் பத்து வார்த்தை போட்டால் அது கண்டுபிடிப்பு. மண்ணரையில் ஒரு பெண் மாட்டினால் அது லோக்கல். இந்த நாட்டில் அறிவு என்பது யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அறிவாகிறது. வாயின் சாதியையும் வகுப்பையும் மொழியையும் பார்த்துவிட்டுத்தான் நாம் கைதட்டுகிறோம்.

யாழினி பயப்படவில்லை. “இது ரொம்ப நேரான கேஸுங்க்கா. அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னாடியே இந்த மெஷின் நாலு பேருக்குத் தெரியப் புழக்கத்துல இருந்துச்சுன்னு காட்டிட்டாப் போதும், அவங்க பேட்டன்ட்டே நிக்காது. அப்ப வித்த மெஷின் ஒண்ணு குடுங்க. தேதி போட்ட தகடு இருக்குன்னு சொன்னீங்களே, அது போதுமுங்க.”

ஆஷா ராபினைப் பார்த்தார். ராபின் கூரையைப் பார்த்தார்.

தகடு ஒரு மெஷினில்கூட இல்லை. அதைக் கழற்றிக் கொடுத்தது ஆஷாதான்.

இந்த இடத்தில்தான் திருப்பூரின் வெட்கம் வெளியே வருகிறது. வெளிநாட்டில் சட்டை வாங்குகிற கம்பெனிகள் வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும். லேபிள் மெஷின் எல்லாம் தங்கள் பட்டியலில் உள்ள பிராண்டாக இருக்க வேண்டும் என்று அதன் படிவத்தில் ஒரு வரி உண்டு. ஆடிட்டுக்கு முதல் நாள் மகுடேஸ்வரன் பஞ்சுதள்ளிகளை எல்லாம் டெம்போவில் ஏற்றித் தன் தோட்டத்துக் குடோனில் அடைப்பார். பழுதாகிக் கிடந்த பிராண்டு பிரிண்டர்களைத் துடைத்து மேஜையில் வைப்பார். ஆடிட்டர் போனதும் அவை உள்ளே, இவை வெளியே. இரண்டு முறை அப்படிச் செய்து அலுத்துப்போய், ஆஷாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“ஏனுங்கம்மணி, ஒவ்வொரு தடவையும் வண்டி வெச்சுத் தூக்கிட்டுப் போறது பெரும்பாடுங்க. அந்தத் தகடு மட்டும் கழட்டுற மாதிரி இருந்தா நாங்க வேற ஸ்டிக்கர் ஒட்டிக்குவமுங்க.”

ஆஷா ரிவெட்டை எடுத்துவிட்டு இரண்டு ஸ்க்ரூ போட்டார். பழைய மெஷின்களுக்கும் வீடு வீடாகப் போவதுபோலக் கம்பெனி கம்பெனியாகப் போய் மாற்றிக் கொடுத்தார். வாடிக்கையாளருக்கு உதவி என்று நினைத்தார். கழற்றின தகடு ஒன்றுகூடத் திரும்ப ஏறவில்லை. தன் பெயரைத் தானே கழற்றிக் கொடுத்து, அடுத்தவன் பெயரை ஒட்டுவதற்கு இடமும் செய்து கொடுத்தார். அந்தத் தப்புக்கு ஆஷா இன்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை. ஆனால் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது எது? நம் ஊரில் செய்ததை நாமே மறைத்துவைக்கிற அடிமைப் புத்தி.

வேறு சாட்சி? பழைய பில்லில் ‘லேபிள் மெஷின்’ என்று மட்டும் இருக்கிறது, உள்ளே ஃபேன் எந்தப் பக்கம் சுற்றியது என்று பில் சொல்லாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் படம் இல்லை. பட்டறையில் எடுத்த படங்கள் பழைய போனோடு போயின. மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்த நாளில் வாங்கிய முதலாளிகளில் யாராவது ஒருவர், ஆமாம், நான் வாங்கினேன், இப்படித்தான் இருந்தது என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மகுடேஸ்வரனின் அறைக்குப் போகிற வழியில்தான் லேபிள் ரூம். கண்ணாடி வழியாக ஆஷா பார்த்தார். 2015இல் தான் செய்த மெஷின்கள் வேறு யாருடைய பெயரையோ நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

“வாங்கம்மணி, உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?”

“காப்பி வேண்டாங்கண்ணா. ஒரு கையெழுத்து வேணும்.”

“கேள்விப்பட்டேனுங்க. வயிறு எரிஞ்சுதுங்க. உங்கூடு வேற எங்கூடு வேறயா? வக்கீல் செலவுக்கு வேணும்னாலும் கேளுங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

“ஏனுங்கண்ணா? நீங்க வாங்கினது பொய்யா?”

“பொய்யில்லீங்க. ஆனா சட்டை வாங்குற வெளிநாட்டுப் பையருக்கு என்னன்னு எழுதிக் குடுத்திருக்கறன்? எல்லாம் பிராண்டு மெஷினுன்னு. இப்பக் கோர்ட்ல போயி, இல்லீங்க, மண்ணரை மெஷினுதான் ஓடுச்சுன்னு சொன்னா, அத்தன வருசமும் நான் பொய் சொன்னேன்னு ஆயிருமுங்க. ஆர்டர் போயிரும். ஆயிரம் பேரு பொழப்புங்கம்மணி.”

“எங்க பட்டறையில எட்டுப் பேருங்கண்ணா. அவுங்க பொழைக்கிறது பொழப்பில்லீங்களா?”

“அப்புடிச் சொல்ல வரலீங்க. அவிநாசியப்பர் இருக்காரு, அவரு பாத்துக்குவாருங்க. நானே ஒரு அபிஷேகத்துக்குச் சொல்லிவெக்கறேன்.”

“அவிநாசியப்பர் அஃபிடவிட் போடுவாருங்களா? அவருக்கு ஆதார் கார்டு இருக்குதுங்களா?”

மகுடேஸ்வரன் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மேனேஜர் சிரிப்பை அடக்க இருமினார்.

இந்த ஆயிரம் பேர் என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கூலி உயர்வு கேட்டால் ஆயிரம் பேர் பிழைப்பு. ஆற்றில் சாயத்தண்ணீர் விடாதே என்றால் ஆயிரம் பேர் பிழைப்பு. உண்மையைச் சொல் என்றாலும் ஆயிரம் பேர் பிழைப்பு. அந்த ஆயிரம் பேரை யாராவது ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டதுண்டா, எங்கள் பெயரைச் சொல்லி இந்தப் பொய்யைச் சொல்லலாமா என்று?

ஆஷா இன்னும் பதினோரு கம்பெனி ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் வயிறு எரிந்தது. எந்த இடத்திலும் பேனா திறக்கவில்லை.

அதற்குள் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு சமரசம் வந்தது. கண்டுபிடிப்பு எங்களுடையது என்று ஆஷா ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வழக்கை வாபஸ் வாங்குவார்களாம், நஷ்ட ஈடும் கேட்க மாட்டார்களாம். திருப்பூருக்கு அவர்களுடைய சர்வீஸ் ஏஜென்சியும் தருவார்களாம்.

ராபின் தயங்கித் தயங்கித்தான் பேசினார். “ஏட்டி, எட்டுப் பேரு ரெண்டு மாசமா சும்மா இருக்கானுவ. ஏஜென்சின்னா வேலையாவது ஓடும்லா. பேரு யாரு பேரா இருந்தா என்ன?”

“பிள்ளையப் பெத்துட்டு, நான் தாயில்ல, ஆயான்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதியளா?”

“கோவப்படாத. சோத்துக்குச் சொல்லுதேன்.”

“சோத்துக்குத்தான் தகட்டக் கழட்டிக் குடுத்தேன். இன்னும் என்னத்தக் கழட்டணும், சொல்லுங்க.”

மறுநாள் ராபின் வழக்குச் செலவுக்காகத் தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, நடந்து பட்டறைக்கு வந்தார்.

எதிர்த்தரப்பு அடுத்த கல்லை எறிந்தது. ஆடிட் செய்த வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து வாங்கிய, மகுடேஸ்வரன் கம்பெனியின் ஆறு வருட ஆடிட் படிவங்களின் நகல்கள் அவர்களுடைய மனுவோடு வந்தன. ‘எங்கள் லேபிள் ரூமில் உள்ள அனைத்தும் பட்டியலில் உள்ள பிராண்டு மெஷின்களே.’ ஆஷா சொல்வது கட்டுக்கதை என்பதற்கு அது ஆதாரமாம். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் லேபிள் ரூம் பொறுப்பாளரின் கையெழுத்து, தமிழில், அழகாக: சித்ராதேவி. ரோஸ் நிறச் சட்டைக் கையைச் சனிக்கிழமைதோறும் துவைத்த அதே சித்ராதேவி. ஆஷா போன பிறகு அந்த அறைக்குப் பொறுப்பாக வந்தவர்.

அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஆஷா இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் சித்ராதேவியே அவிநாசிக்கு, யாழினியின் அலுவலகத்துக்கு வந்தார். தேனிப் பக்கத்துக்காரர், படபடவென்று பேசுகிறவர். அன்று மெல்லப் பேசினார்.

“அக்கா, நீட்டுன தாள்ல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். என்னா எழுதியிருக்குன்னு ஒரு நாளும் கேக்கல. கேட்டா வேலை இருக்குமா? அது ஒங்க கழுத்துக்கு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா.”

“இப்ப எதுக்கு வந்த?”

“இன்னொரு கையெழுத்துப் போட வந்தேன்.”

யாழினி எச்சரித்தார். முந்தைய ஆறு கையெழுத்தும் பொய் என்று சத்தியம் செய்ய வேண்டிவரும். எதிர் வக்கீல் கூண்டில் ஏற்றி, அப்போது பொய் சொன்ன நீ இப்போது மட்டும் உண்மையா சொல்கிறாய் என்று கிழிப்பார். வேலையும் போகும்.

“கிழிக்கட்டும்க்கா. அப்பப் பயந்து சொன்னேன், இப்பப் பயப்படாமச் சொல்றேன். இதுல எது நெசமுன்னு அந்த வக்கீலுக்குப் புரியலேன்னா அவரு என்னா படிச்சாரு?”

எல்லாவற்றையும் எழுதினார்கள். 2014இல் ஃபேனைத் திருப்பி மாட்டியது, சட்டைக் கை, நாற்பது நாள், டெம்போ, குடோன், தகடு. சித்ராதேவி ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டுவிட்டுப் போட்ட கையெழுத்து. மனு தாக்கலான நான்காம் நாள் அவரை லேபிள் ரூமிலிருந்து பிசிர் வெட்ட அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். ஆஷாவின் பட்டறையில் இப்போது ஒன்பது பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு தொழிலாளிப் பெண்ணின் சொல் ஒரு பக்கம். கேள்வி கேட்க விடாமல் அவரிடம் வாங்கிய ஆறு படிவங்கள் மறுபக்கம். உண்மை தெரிந்த முப்பது முதலாளிகள் நடுவில், வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு. நீதிமன்றத்தில் இன்றைய நிலை இதுதான். சித்ராதேவி சொன்னதற்குப் பக்கபலமாக இன்னும் ஒரே ஒரு சாட்சி வந்தால் தடையை நீக்கக் கேட்கலாம் என்கிறார் யாழினி. வராவிட்டால் எந்த நீதிபதியானாலும் முன்னால் இருக்கிற தாளைத்தான் பார்ப்பார்.

2018 நவம்பருக்கு முன்னால் நீங்கள் ஒரு பஞ்சுதள்ளியை வாங்கியிருக்கலாம். அதில் அச்சடித்திருக்கலாம். அதைத் துடைத்திருக்கலாம், பழுது பார்த்திருக்கலாம், ஆடிட்டுக்கு முதல் நாள் டெம்போவில் ஏற்றி இறக்கியிருக்கலாம். முதலாளியாக இருங்கள், டிரைவராக இருங்கள், பிசிர் வெட்டுகிறவராக இருங்கள். விசாரணை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. அதற்கு முன்னால் ஒருநாள் அரை நேரம் லீவு போட்டு அவிநாசிக்கு வாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.